சன் அல்ட்ரா 10, சோலாரிஸ் 10: சிடிஇ-யைத் தூக்கிவிட்டு விண்டோமேக்கர் வைப்பது எப்படி?

பழையபெட்டி | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய சாமான் கடையில் சன் நிறுவனத்தின் பழைய யூனிக்ஸ் பெட்டி, அல்ட்ரா 10 ஒன்று மாட்டியது. 440 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராஸ்பார்க், 512 எம்பி நினைவகம். கடைக்காரர் எடை போட்டு விற்கத் தயாராக இருந்தார், நான் பேரம் பேசி விலைக்கு வாங்கினேன். சன்னின் இயங்குதளமான சோலாரிஸ் 10 போட்டாயிற்று.

இப்போது பிரச்சினை. பெட்டி கிளம்பியதும் அந்தப் பழைய நீலநிற உள்நுழைவுத் திரை வருகிறது. அதில் ஜாவா டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் மெனு திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. சிடிஇ என்ற பழைய யூனிக்ஸ் டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் ஏதோ பிழைப்பெட்டி வந்து, ஓகே அழுத்தியதும் மறுபடி உள்நுழைவுத் திரைக்கே துரத்திவிடுகிறது.

எனக்கு இரண்டும் வேண்டாம். சிடிஇ, அதன் உள்நுழைவு நிரலான டிடிலாகின் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டு விண்டோமேக்கர் என்ற சாளர மேலாளர் மட்டும் வைக்க வேண்டும். எந்தெந்தப் பொதியை நீக்க வேண்டும் என்று யாராவது பட்டியல் தர முடியுமா?

(மன்ற விதிப்படி கட்டளைகளையும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.)

கன்சோல்காரன் | சனி, இரவு 9.40

எதையும் நீக்க வேண்டாம் தலைவா. ரூட்டாக (நிர்வாகியாக) போய் எஸ்விசிஅட்மின் டிஸேபிள் சிடிஇ-லாகின். அவ்வளவுதான். அடுத்த முறை கறுப்பு எழுத்து மட்டும் உள்ள கன்சோல் வரும். உங்கள் பெயரில் நுழைந்து, வீட்டு அடைவில் டாட் எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைலில் டபிள்யூமேக்கர் என்று ஒரு வரி. பிறகு ஓப்பன்வின் என்று தட்டினால் எக்ஸ் (திரையில் சாளரம் வரையும் அடித்தளம்) கிளம்பும்.

படம் போட்ட வாசல் எதற்கு? வாசல் வழியாக நடந்தால் போதாதா?

மோட்டிஃப்பிரியை | சனி, இரவு 10.05

வந்ததும் வராததுமாக சிடிஇ-யைப் பிடுங்க வேண்டுமா! 1993-இல் சன், எச்பி, ஐபிஎம், நோவெல் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, "யூனிக்ஸுக்கு ஒரே முகம்" என்று ஒத்துக்கொண்டு செய்த பொருள் அது. அடியில் இருக்கும் முன்பலகை எச்பி-யின் வியூ டெஸ்க்டாப்பிலிருந்து வந்தது, நிரல்களுக்கிடையே செய்தி பரிமாறும் டூல்டாக் சன்னிடமிருந்து வந்தது. மெதுவாகப் பேசுங்கள், பெட்டிக்குக் காது கேட்கும்.

அது போகட்டும். பழையபெட்டி, "ஏதோ பிழைப்பெட்டி" என்றால் எப்படி? அதில் என்ன எழுதியிருக்கிறது? வரிக்கு வரி போடுங்கள்.

பழையபெட்டி | சனி, இரவு 10.31

மன்னிக்கவும். சுருக்கமாக: டிடி மெசேஜிங் சிஸ்டத்தைத் தொடங்க முடியவில்லை. ஓகே அழுத்தி உள்நுழைவுத் திரைக்குத் திரும்பு, ஃபெயில்சேஃப் செஷன் (டெஸ்க்டாப் இல்லாத வெறும் டெர்மினல்) வழியாக நுழை, ஹோஸ்ட் பெயர் (பெட்டியின் பெயர்) சரியாக இருக்கிறதா என்று மூன்று ஃபைல்களில் பார் என்கிறது. /ஈடிசி/எஸ்ஆர்சி டாட் எஸ்எச், /ஈடிசி/ஹோஸ்ட்ஸ், /யூஎஸ்ஆர்/ஏடிஎம்/ஐநெட்டி டாட் செக். இதில் நடுவில் உள்ளது மட்டும்தான் என் பெட்டியில் இருக்கிறது. மற்ற இரண்டும் இல்லவே இல்லை. அதனால்தான் நிறுவலே பழுது என்று நினைத்தேன்.

இன்னொன்று, பெட்டி கிளம்பும்போது வெள்ளைத் திரையில் ஐடிப்ராம் (பெட்டியின் அடையாளத் தகவல்) செல்லாது என்று ஒரு வரி ஓடுகிறது. ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப் என்று காட்டுகிறது.

ஸ்பார்க்மாமா | ஞாயிறு, காலை 6.20

தம்பி, உங்கள் நிறுவலில் ஒரு பழுதும் இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் போகிறீர்கள். நல்லவேளை, அந்தக் கடைசி வரியை எழுதினீர்கள்.

இல்லாத அந்த இரண்டு ஃபைல்களைப் பற்றி முதலில். அவை எச்பி-யின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸில் இருப்பவை. பிழைச்செய்தியை எச்பி-காரர்கள் எழுதியிருக்கிறார்கள், சன் அதை அப்படியே விட்டுவிட்டது. மோட்டிஃப்பிரியை சொன்ன "ஒரே மேசை"யின் கறை அது. நாங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பத்துப் பெட்டி வைத்திருந்த காலத்தில் புதிதாக வரும் ஒவ்வொரு பையனும் அந்த ஃபைலைத் தேடி அரை நாள் தொலைப்பான்.

இப்போது உங்கள் கதை. அல்ட்ரா 10-இன் தாய்ப்பலகையில் எம்48டி59 என்றொரு சில்லு இருக்கும். கடிகாரம், பெட்டியின் அடையாள எண், ஈதர்நெட் முகவரி எல்லாம் அதற்குள்தான். பேட்டரியும் அதே கூட்டுக்குள்ளேயே மூடி ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பெட்டி 1998-இல் சந்தைக்கு வந்தது. பேட்டரி எப்போதோ செத்திருக்கும். பேட்டரி செத்தால் முகவரி எல்லாம் எஃப்எஃப். அந்த முகவரியோடு போய் டிஎச்சிபி-யில் (வலையில் முகவரி பங்கிடும் சேவை) ஐபி கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். ஐபி கிடைக்காத சோலாரிஸ், தன் பெயர் தெரியாமல் "அன்னோன்" என்று வைத்துக்கொள்ளும். ஹோஸ்ட்நேம் என்று தட்டிப் பாருங்கள், அதுதான் வரும். அந்தப் பெயர் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இருக்காது. சிடிஇ கிளம்பும்போது டூல்டாக் தன் சொந்தப் பெட்டியின் பெயரைத் தேடும், கிடைக்காது, விழுந்துவிடும். அதோடு சேர்ந்து மொத்த செஷனும் விழும்.

விண்டோமேக்கருக்கு டூல்டாக் தேவையில்லை என்பதால் அது ஓடியிருக்கும். நீங்களும் "சிடிஇ மோசம், விண்டோமேக்கர் நல்லது" என்று தீர்ப்பு எழுதியிருப்பீர்கள். வலையமைப்பு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று அடுத்த வாரம் வேறு ஓர் இழை திறந்திருப்பீர்கள்.

இப்போதைக்கு ஃபெயில்சேஃப் வழியாக நுழைந்து, /ஈடிசி/நோட்நேம் ஃபைலில் பெட்டிக்கு ஒரு பெயர் எழுதுங்கள். அதே பெயரை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.0.1 வரியின் கடைசியில் சேருங்கள். மறுபடி கிளப்புங்கள். சில்லை அப்புறம் பார்க்கலாம்.

பழையபெட்டி | ஞாயிறு, காலை 11.02

மாமா, காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். பெட்டிக்கு "அய்யனார்" என்று பெயர் வைத்தேன். சிடிஇ பொத்தென்று வந்து உட்கார்ந்துவிட்டது. முன்பலகையில் கடிகாரம் ஓடுகிறது (நேரம் தப்பு, ஆனால் ஓடுகிறது).

சில்லுக்கு மாற்று எங்கே கிடைக்கும்? மாற்றினால் முகவரி தானே வருமா?

ஸ்பார்க்மாமா | ஞாயிறு, மதியம் 12.15

தானே வராது. புதுச் சில்லு வெறுமையாக இருக்கும். சிலர் பழைய சில்லின் தலையை அரத்தால் ராவி, உள்ளே பேட்டரிக் கம்பியைக் கண்டுபிடித்து, வெளியே ஒரு சிஆர்2032 காசு பேட்டரியைப் பற்றவைப்பார்கள். கை நடுங்காதவர்களுக்கு அது.

எப்படிச் செய்தாலும் ஓகே ப்ராம்ப்டில் (சோலாரிஸ் ஏறும் முன் பெட்டி காட்டும் கட்டளை வரி) எம்கேபி கட்டளையால் பதினாறு பைட்டையும் நீங்களே எழுத வேண்டும். முதல் பைட் 01. அடுத்தது பெட்டியின் வகை, உங்களுக்கு 80. அடுத்த ஆறும் ஈதர்நெட் முகவரி. சன் முகவரி 8:0:20 என்று தொடங்கும், மீதியைச் சில்லின் மேல் ஒட்டிய பட்டைக்குறித் தாளில் தேடுங்கள். அப்புறம் தேதிக்கு நாலு, அடையாள எண்ணுக்கு மூன்று. கடைசி பைட் சரிபார்ப்பு: முன்னாலுள்ள பதினைந்தையும் எக்ஸார் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் கணக்கு) செய்த விடை. இந்தக் கடைசியில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள்.

கன்சோல்காரன் | ஞாயிறு, மதியம் 12.30

பார்த்தீர்களா, கன்சோலில் நுழைந்திருந்தால் டூல்டாக் என்ற பெயரே தெரிந்திருக்க வேண்டாம்.

மோட்டிஃப்பிரியை | ஞாயிறு, மதியம் 12.34

பேட்டரி செத்ததும் தெரிந்திருக்காது. பிழை சொன்ன ஆளையே அடிக்கிறீர்களே.

பழையபெட்டி | ஞாயிறு, மாலை 4.50

சண்டை வேண்டாம். சிடிஇ-யை நீக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஆனால் விண்டோமேக்கர் ஆசை போகவில்லை. விண்டோமேக்கர் பின்பற்றும் பழைய நெக்ஸ்ட் பெட்டியின் அந்தச் சாம்பல் சதுரங்கள் மீது ஒரு கிறுக்கு. மூலநிரலை எடுத்து /யூஎஸ்ஆர்/எஸ்எஃப்டபிள்யூ-வில் இருக்கும் ஜிசிசி 3.4.3 கம்பைலரால் கம்பைல் செய்து /யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவிவிட்டேன். உள்நுழைவுத் திரையின் செஷன் பட்டியலில் சிடிஇ-க்குப் பக்கத்திலேயே விண்டோமேக்கரும் வந்தால் போதும். முடியுமா?

வலைக்காவல் | ஞாயிறு, மாலை 5.25

அதற்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். டிடிலாகினை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது சும்மா படம் காட்டும் நிரல் அல்ல, வெளியிலிருந்து வரும் எக்ஸ்டிஎம்சிபி (தொலைவிலுள்ள திரை உள்நுழைவு கேட்கும் முறை) வேண்டுகோளுக்கு யூடிபி 177 என்ற வலை வாசலில் காதைத் திறந்து வைத்திருக்கும். 2004-இல் அங்கேதான் ஓட்டை கண்டுபிடித்தார்கள், திரித்த ஒரு பொட்டலம் அனுப்பினால் அனுப்பியவர் சொல்லும் நிரல் ஓடும் அளவுக்கு. அதற்கு முன் ஓட்டை இருந்தது, டிசிபி 6112-இல் இருக்கும் சிடிஇ-யின் இன்னொரு சேவையான டிடிஎஸ்பிசிடியில். அதை உண்மையிலேயே தாக்குகிறார்கள் என்று 2002 ஜனவரியில் செர்ட் (கணினிப் பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்பு) அறிவிப்பே வந்தது.

சோலாரிஸ் 10-இன் 2006 நவம்பர் வெளியீடோ அதற்குப் பிந்தையதோ என்றால் வேலை சுலபம். நெட்சர்வீசஸ் லிமிடெட் என்று ஒரே கட்டளை. எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலைநுழைவு) தவிர மற்ற வாசல்களை அடைக்கும், டிடிலாகினையும் உள்ளூருக்கு மட்டும் என்று மாற்றும். அய்யனார் வலையமைப்புக்கு வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஸ்பார்க்மாமா | ஞாயிறு, இரவு 8.10

வலைக்காவல் சொன்னதை முதலில் செய்யுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள், கொஞ்சம் நீளம்.

மூன்று அடுக்கு இருக்கிறது. கீழே எக்ஸ் சேவையகம், உங்கள் பெட்டியில் எக்ஸ்சன். அதற்கு மேல் கடவுச்சொல் கேட்கும் வாயில்காப்போன், அதாவது டிடிலாகின். அதற்கும் மேல்தான் செஷன். உங்களுக்கு மாற்ற வேண்டியது செஷன் மட்டும். வாயில்காப்போனிடம் "இன்னொரு விருந்தாளி வருவார்" என்று சொல்லிவைத்தால் போதும்.

/யூஎஸ்ஆர்/டிடி/கான்ஃபிக் அடைவில் கை வைக்கவே கூடாது. அங்கே இருப்பது சன் கொடுத்த மூலப்படி, பேட்ச் (திருத்தப் பொதி) போட்டால் உங்கள் மாற்றம் மேலெழுதப்பட்டுப் போகும். /ஈடிசி/டிடி/கான்ஃபிக் என்று ஓர் அடைவு உருவாக்கி அங்கே நகலெடுத்துத் திருத்துங்கள். டிடிலாகின் முதலில் அங்கேதான் தேடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை பத்துப் பெட்டியிலும் பேட்ச் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன், திங்கட்கிழமை காலை ஒருவருக்கும் அவரவர் செஷன் இல்லை. விஎல்எஸ்ஐ படிக்கும் பிள்ளைகள் சிப் வரைபடத்தோடு என் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

ஜாவா டெஸ்க்டாப்புக்கு ஏற்கெனவே மூன்று ஃபைல் இருக்கும்: எக்ஸ்ரிசோர்சஸ் டாட் ஜேடிஎஸ், எக்ஸ்செஷன் டாட் ஜேடிஎஸ், எக்ஸ்செஷன்2 டாட் ஜேடிஎஸ். மூன்றையும் டபிள்யூஎம் என்ற பின்னொட்டோடு நகலெடுங்கள். எக்ஸ்ரிசோர்சஸ் மட்டும் மொழிப் பெயருள்ள அடைவுக்குள் எக்ஸ்ரிசோர்சஸ் டாட் டி என்ற உள்ளடைவில் இருக்க வேண்டும். பெட்டியின் மொழி சி (சோலாரிஸின் இயல்பு மொழியமைப்பு) என்றால் சி அடைவு. மொழி வேறாக இருந்து நீங்கள் சி-யில் போட்டால் பட்டியலில் வராமல் போகலாம்.

அதற்குள் ஆல்ட்டிடிநேம் பட்டியலில் தெரியும் பெயர். ஆல்ட்டிடிஸ்டார்ட் உங்கள் எக்ஸ்செஷன் நகலின் முழுப்பாதை. ஆல்ட்டிடிகீ டபிள்யூமேக்கர் நிரலின் பாதை, அந்த நிரல் அங்கே இல்லாவிட்டால் டிடிலாகின் அந்தப் பெயரையே காட்டாது. நல்ல ஏற்பாடு. ஆல்ட்டிடிஸ்-இன்கிரிமென்ட் வரியை ட்ரூ என்றே விட்டுவிடுங்கள். முதல் எக்ஸ்செஷன், சூழல் மாறிகளை வைத்துவிட்டு சிடிஇ-யின் பொது எக்ஸ்செஷனை அழைக்கும். அது திரும்பி இரண்டாவதை அழைக்கும். இரண்டாவதில்தான் டபிள்யூமேக்கர் வரி. சுற்றிவளைத்த வழிதான், ஆனால் சிடிஇ-யின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அப்படியே கிடைக்கும்.

பழையபெட்டி | திங்கள், இரவு 11.48

பட்டியலில் "விண்டோமேக்கர்" வந்துவிட்டது! தேர்ந்தெடுத்தேன். திரை கறுத்தது. இரண்டு விநாடியில் மறுபடி உள்நுழைவுத் திரை. தலைவலி போய்த் திருகுவலி.

வேடிக்கை என்னவென்றால், சிடிஇ-க்குள் ஒரு டெர்மினல் திறந்து டபிள்யூமேக்கர் என்று தட்டினால் "இன்னொரு சாளர மேலாளர் ஓடுகிறது" என்று ஒழுங்காகப் புகார் சொல்கிறது. அப்படியென்றால் நிரல் நன்றாகத்தானே இருக்கிறது?

மோட்டிஃப்பிரியை | செவ்வாய், காலை 7.15

டெர்மினலில் ஓடுகிறது, வாசலில் விழுகிறது என்றால் சூழல்தான் வேறு. வீட்டு அடைவில் டாட் டிடி என்ற அடைவுக்குள் ஸ்டார்ட்லாக், எரர்லாக் இரண்டும் இருக்கும். திறந்து கடைசி வரிகளைப் போடுங்கள். எல்டி-லைப்ரரி-பாத் (நூலகங்களைத் தேடும் பாதை) என்று டாட் ப்ரொஃபைலில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?

பழையபெட்டி | செவ்வாய், காலை 7.52

எழுதியிருக்கிறேன்! நானே கம்பைல் செய்த, படம் காட்டும் ஜேபெக் நூலகம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் இருக்கிறது, அதற்காக. ஸ்டார்ட்லாக்கில் அதே நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்றுதான் இருக்கிறது.

கன்சோல்காரன் | செவ்வாய், காலை 8.10

க்ரெல் மைனஸ் எல் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப். முடிந்தது வேலை.

ஸ்பார்க்மாமா | செவ்வாய், காலை 8.13

நிறுத்துங்கள்! தம்பி, அதைத் தட்டாதீர்கள். மைனஸ் எல் என்பது பட்டியலில் சேர்ப்பது அல்ல, பட்டியலையே மாற்றுவது. அப்படித் தட்டினால் பெட்டி நூலகங்களை லோக்கலில் மட்டும் தேடும். எல்லா நிரலுக்கும் அடிப்படையான சி நூலகம் அங்கே இல்லை. அடுத்த நொடி எல்எஸ் ஓடாது, ஆர்எம் ஓடாது, செய்த தப்பை அழிக்கவும் சுலபமான வழியிருக்காது. குறுந்தட்டில் பெட்டியைக் கிளப்பி, வட்டை ஏற்றி, /வார்/எல்டி/எல்டி டாட் கான்ஃபிக்கை அழிக்க வேண்டிய நிலைகூட வரலாம். கன்சோல்காரரே, ஒரு மைனஸ் யூ போட்டிருந்தீர்கள் என்றால் நான் பல் தேய்த்துவிட்டு வந்திருப்பேன்.

கன்சோல்காரன் | செவ்வாய், காலை 8.20

ஒத்துக்கொள்கிறேன் மாமா. மைனஸ் யூ விட்டுப்போனது. 🙏

மோட்டிஃப்பிரியை | செவ்வாய், காலை 8.41

எனக்கு மைனஸ் யூ-வும் பிடிக்காது. ஒரு நிரலுக்காக மொத்தப் பெட்டியின் தேடுபாதையை மாற்றுவானேன்? டாட் டிடிப்ரொஃபைலின் அடியில் டிடிசோர்ஸ்ப்ரொஃபைல் சமம் ட்ரூ என்ற வரி முன்குறி (வரியை முடக்கும் குறி) இல்லாமல் இருந்தால்தான் உங்கள் டாட் ப்ரொஃபைல் படிக்கப்படும். அதை எடுத்துவிடலாம். ஆனால் டாட் ப்ரொஃபைலில் எஸ்டிடிஒய், ரீட் மாதிரி டெர்மினலோடு பேசும் வரி ஏதாவது இருந்தால் அங்கே டெர்மினலே இல்லாததால் உள்நுழைவு தொங்கிவிடும். டிடி என்ற மாறி காலியா என்று பார்த்து, காலியாக இருந்தால் மட்டும் அந்த வரிகள் ஓடும்படி எழுத வேண்டும்.

சுத்தமான வழி, நூலகத்தின் இடத்தை நிரலுக்குள்ளேயே பொறித்துவிடுவது. கம்பைல் செய்யும்போது எல்டிஃபிளாக்ஸில் மைனஸ் பெரிய எல் மட்டும் கொடுத்திருப்பீர்கள். அது இணைக்கும் நேரத்துக்கு மட்டும். ஓடும் நேரத்துக்கு மைனஸ் பெரிய ஆர், அதே பாதை. மறுபடி கம்பைல் செய்துவிட்டு, எல்டி-லைப்ரரி-பாத்தைக் காலியாக்கி, எல்டிடி (நிரலுக்கு வேண்டிய நூலகங்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். "கிடைக்கவில்லை" என்று ஒரு வரிகூட வரக்கூடாது.

நீலப்பெட்டி | செவ்வாய், மாலை 6.05

ஓரமாக ஒரு வார்த்தை. என்னிடம் எஸ்ஜிஐ நிறுவனத்தின் ஓ2 பெட்டி, அதன் இயங்குதளம் ஐரிக்ஸ் 6.5. அங்கே செக்கான்ஃபிக் விஷுவல்லாகின் ஆஃப் என்றால் படம் போட்ட உள்நுழைவு போய் எளிய திரை வரும். செக்கான்ஃபிக் டெஸ்க்டாப் ஆஃப் என்றால் இண்டிகோ மேஜிக் டெஸ்க்டாப் போகும். விண்டோசிஸ்டம் ஆஃப் என்றால் வெறும் கன்சோல். நீங்கள் நாலு நாளாக எழுதுவதைப் படித்தால் சோலாரிஸ்காரர்கள் மேல் பாவமாக இருக்கிறது.

ஸ்பார்க்மாமா | செவ்வாய், மாலை 6.30

அதே ஐரிக்ஸில் பட்டியலில் புதுச் செஷன் ஒன்றைச் சேர்த்துக் காட்டுங்கள், அப்புறம் பாவப்படலாம்.

பழையபெட்டி | புதன், இரவு 10.20

மைனஸ் ஆர் போட்டு மறுபடி கம்பைல். 440 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு சாப்பாட்டு நேரம். வந்து தேர்ந்தெடுத்தேன், விண்டோமேக்கர் வந்தது. வலதோரம் சாம்பல் சதுரங்கள் வரிசையாக. நன்றி சொல்ல வார்த்தை இல்லை.

ஒரு குறை. ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் திரை முழுக்க நிறம் மாறி, தீபாவளி மத்தாப்பு மாதிரி அடிக்கிறது. வீடியோ அட்டை போய்விட்டதா?

வலைக்காவல் | புதன், இரவு 10.44

இல்லை. 8 பிட் ஆழத்தில் ஓடுகிறது, மொத்தம் 256 நிறம். ஒவ்வொரு நிரலும் தன் நிறப்பட்டியலைக் கேட்பதால் மற்றதற்கு மாறிவிடுகிறது. எம்64கான்ஃபிக் மைனஸ் ப்ரிகான்ஃப் கொடுத்தால் அட்டையின் நினைவகம் தெரியும். 4 எம்பி இருந்தால் மைனஸ் டெப்த் 24 கொடுங்கள். தெளிவு 1152க்கு 900-ஐத் தாண்ட வேண்டாம்: ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 41,47,200 பைட், 4 எம்பி-க்குள் மயிரிழையில் அடங்கும். 1280க்கு 1024 அடங்காது.

பழையபெட்டி | வியாழன், காலை 6.58

அடங்கியது. மத்தாப்பு நின்றது.

கடைசியாக ஒரு கேள்வி. ஜிடிஎம்2-லாகின் என்று இன்னொரு உள்நுழைவுத் திரைச் சேவையும் அணைந்த நிலையில் இருக்கிறதே. டிடிலாகினை அணைத்து அதை ஏற்றினால் நல்லதா?

கன்சோல்காரன் | வியாழன், காலை 7.30

இரண்டையும் அணையுங்கள்.

ஸ்பார்க்மாமா | வியாழன், காலை 7.45

ஏற்றலாம். அழகாக இருக்கும், இந்தப் பெட்டியில் மெதுவாகவும் இருக்கும். ஒன்றை டிஸேபிள் செய்துவிட்டுத்தான் மற்றதை இனேபிள் செய்ய வேண்டும், இரண்டும் ஒரே திரைக்கு அடித்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய மூன்று ஃபைலும் டிடிலாகினுக்கானவை, ஜிடிஎம்முக்கு வேறு விதமாக எழுத வேண்டும். சிடிஇ பட்டியலிலிருந்தே காணாமல் போன சோலாரிஸ் 11-க்குப் போனால் அதைக் கற்றுக்கொள்வது கட்டாயம். ஆனால் அல்ட்ரா 10-இல் 11 ஏறாது. எனவே விடுங்கள்.

மோட்டிஃப்பிரியை | வியாழன், காலை 9.10

மாமாவோடு இதில் எனக்கு உடன்பாடில்லை. கற்றுக்கொள்ளத்தானே பெட்டி வாங்கினார், ஒரு நாள் ஏற்றிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் இரண்டே கட்டளையில் திரும்பலாம். சிடிஇ-யின் மூலநிரலே 2012-இல் திறந்துவிடப்பட்டது, லினக்ஸிலேயே ஓட்டுகிறார்கள். டிடிலாகின் எங்கேயும் ஓடிப்போகாது.

பழையபெட்டி | ஞாயிறு, மாலை 3.30

ஜிடிஎம் ஏற்றிப் பார்த்தேன். பெட்டியைப் போட்டதிலிருந்து பெயர் கேட்கும் வரை பொறுமை போய்விட்டது. திரும்பிவிட்டேன்.

அதற்குப் பதிலாக டிடிலாகினுக்கே கொஞ்சம் அலங்காரம். /ஈடிசி/டிடி/கான்ஃபிக்கில் எக்ஸ்ரிசோர்சஸ் நகலில் கிரீட்டிங் லேபிள்ஸ்டிரிங் வரியில் "வணக்கம், அய்யனார்" என்று தமிழில் எழுதினேன். வெறும் குப்பை எழுத்தாக வந்தது. பிறகு தமிழை ஜிம்ப்பில் படமாக எழுதி, எக்ஸ்பிஎம் (எக்ஸ் பட வடிவம்) ஆகச் சேமித்து, லோகோ பிட்மேப்ஃபைல் வரியில் அந்தப் பாதையைக் கொடுத்தேன். சன் சின்னம் இருந்த இடத்தில் இப்போது "வணக்கம்" நிற்கிறது.

என் பெண்ணுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். அவள் பட்டியலில் சிடிஇ-யைத்தான் தேர்ந்தெடுக்கிறாள். முன்பலகையில் இழுப்பறை திறப்பது பிடித்திருக்கிறதாம்.

மோட்டிஃப்பிரியை | ஞாயிறு, மாலை 3.41

பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அந்த எக்ஸ்பிஎம்மை இங்கே ஏற்ற முடியுமா?